அல்நார் கிளாவும் மீடியன் கையும் ஒண்ணு போல இருக்கு, கூடவே பக்கத்து வீட்டு மாமாவுக்க கை பத்தி ஒரு சந்தேகம்

அக்கானி_பையன்:

அண்ணன்மாரே அக்காமாரே, நான் எம்பிபிஎஸ் ஃபர்ஸ்ட் இயர். வீடு அருமனை பக்கம், காலேஜ் பார்டர் தாண்டி அந்தப் பக்கம். அப்பர் லிம்ப் (கை) வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, வருது. டேபிள் எல்லாம் மனப்பாடம் பண்ணியாச்சு, எந்த மசிலுக்கு எந்த நர்வ்னு தூக்கத்துல தட்டிக் கேட்டாலும் சொல்லுவேன், ஆனா எங்க சார் அப்படிக் கேக்கவே மாட்டாரு, தனக்க கைய ஒரு மாதிரி மடக்கி வச்சுக்கிட்டு "எவிடெயா லீஷன்?"னு மலையாளத்துல ஒரே கேள்வி, நரம்புல அடி எங்கன்னு அர்த்தம், அதோட நம்ம வாய் அடைச்சுப் போவும்.

முதல் சந்தேகம், கைக்கு வர்ற அல்நார் நர்வ் போனா வர்ற கிளாவும் (விரல் கொக்கி மாதிரி வளையிறது) மீடியன் நர்வ் போனா வர்ற ஆசீர்வாதக் கையும் படத்துல பாத்தா ஒண்ணு போலவே இருக்கு. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி, மத்த ரெண்டும் நீட்டி. பிறகு எப்படி ரெண்டு பேரு?

ரெண்டாவது, அல்நார் பாரடாக்ஸ். முழங்கைல வெட்டுனா கிளா கொஞ்சமா இருக்குமாம், மணிக்கட்டுல வெட்டுனா மோசமா இருக்குமாம். மேல வெட்டுனாதான நிறைய போவணும்?

மூணாவது படிப்புக்க விசயம் இல்ல. பக்கத்து வீட்டு மாமா பனையேறி, இப்பவும் சீசனுக்கு அக்கானி (பதநீர்) எடுக்காரு. போன மாசம் கோடை மழை பெஞ்ச மறுநாள் மரத்துல கால் வழுக்கிட்டு, விழப்போற நேரத்துல வலது கையால கருக்கு மட்டைய எட்டிப் பிடிச்சு மொத்த உடம்பும் அந்த ஒத்தக் கைல தொங்கியிருக்கு, பிறகு சறுக்கி கீழ வந்துட்டாரு. எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு ஒண்ணும் ஒடியல. ஆனா விரல் எல்லாம் சுருண்டு போச்சு, பாளை அருவாளப் பிடிக்க முடியல. ஒரு ஆசான்கிட்ட (நாட்டு வைத்தியர்) எண்ணெய் போட்டுத் தடவிட்டு இருக்காவ. நான் பாத்துட்டு அல்நார் கிளான்னு நெனச்சேன். வீட்டுல "டாக்டருக்குப் படிக்கிற பிள்ள சொல்லு, சரியாவுமா"ன்னு கேக்காவ. என்ன சொல்ல?

நைட்_டூட்டி:

தம்பி, நான் ஹவுஸ் சர்ஜன். முதல் ரெண்டும் எனக்குத் தெரிஞ்சத சொல்லுதேன், மூணாவதுக்கு பெரியவங்க வரட்டும்.

படத்துல ஒண்ணு போல இருக்குன்னா அது படத்துக்க குத்தம். படத்துல பேஷன்ட் என்ன செய்யப் பாக்காருன்னு தெரியாதுல்லா. அல்நார் கிளா வர்றது விரல நீட்டச் சொல்லும்போது, சும்மா வச்சிருக்கும்போதும் தெரியும். மீடியன் கை வர்றது முஷ்டி மடக்கச் சொல்லும்போது. வேற எதுவும் ஞாபகம் இல்லாட்டியும் இத மட்டும் வச்சுக்கோ, சார் கைய மடக்கி காட்டுனா "பேஷன்ட்ட என்ன சார் செய்யச் சொன்னீங்க"ன்னு திருப்பிக் கேளு, பாதி மார்க் அங்கயே விழும்.

ஏன்னா லும்பிரிக்கல்ங்கிற உள்ளங்கை சின்ன மசில் செய்யிற வேலை ரெண்டு, நக்கிள் ஜாயின்ட்ட மடக்கும், விரலுக்க மத்த ரெண்டு ஜாயின்ட்ட நீட்டும். சுண்டு விரல், மோதிர விரல் லும்பிரிக்கல் அல்நார், மத்த ரெண்டும் மீடியன். அல்நார் போனா அந்த ரெண்டு விரல்லயும் விரல நீட்டுற எக்ஸ்டென்சார் டிஜிடோரம் எதிராளி இல்லாம நக்கிள்ள பின்னால இழுக்கும், முன்னால இருந்து முன்கை மசில் புரொஃபண்டஸ் விரல் நுனிய மடக்கும், கிளா ஆயாச்சு. மீடியன் மேல, முழங்கை கிட்ட போச்சுன்னா விரலுக்க நடு ஜாயின்ட்ட மடக்குற சூப்பர்ஃபிசியாலிஸ் முழுக்க போவும், புரொஃபண்டஸ்ல ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் உள்ள பாதி போவும், கட்டைவிரல் நுனிய மடக்குற பொல்லிசிஸ் லாங்கஸும் போவும், முஷ்டி மடக்குன்னா சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் உள்ள வரும். சும்மா இருக்கும்போது அந்தக் கை ஏறத்தாழ நார்மலாத்தான் இருக்கும். சில புக்குல ஆசீர்வாதக் கைங்கிற பேர அல்நாருக்கே போட்டிருப்பாங்க, அதனால பேரச் சொல்லி மாட்டிக்காத, என்ன செய்யும்போது எந்த விரல் எப்படி நிக்குதுன்னு சொல்லு.

இனி பாரடாக்ஸ். நீ டேபிளா படிச்சதுதான் சள்ளை. நர்வ ரோடா படிக்கணும். திருவனந்தபுரத்துல இருந்து நாகர்கோவில் பஸ் வருதுன்னு வை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலைன்னு ஒவ்வொரு இடத்துலயா ஆள் இறங்கும். தக்கலைல ரோடு பிளாக்னா மார்த்தாண்டத்துக்காரன் எப்பவோ வீட்டுக்குப் போய் சாயா குடிச்சிட்டு இருப்பான். களியக்காவிளைல பிளாக்னா ஒருத்தனும் வீடு சேர மாட்டான். அல்நார் நர்வ் முழங்கை தாண்டின உடனே மணிக்கட்ட மடக்குற ஃபிளெக்ஸார் கார்ப்பி அல்நாரிஸுக்கும் புரொஃபண்டஸுக்க உள்பக்க பாதிக்கும் ஆள இறக்கி விட்டுரும், பிறகு முன்கைல பெருசா யாரும் இறங்க மாட்டாங்க, மத்ததெல்லாம் உள்ளங்கைலதான். மணிக்கட்டுல வெட்டுனா புரொஃபண்டஸ் உயிரோட இருக்கு, விரல் நுனிய பலமா மடக்கும், கிளா மோசமாத் தெரியும். முழங்கைல வெட்டுனா அந்த மடக்குறவனே இல்ல, அதனால விரல் அவ்வளவு சுருளாது. பாக்க நல்லா இருக்கு, பலம் குறைவு.

இதுலயே இன்னொரு கொசுறு, முழங்கைல நர்வத் தச்ச பேஷன்ட்டுக்கு கொஞ்ச மாசம் கழிச்சு கிளா கூடும். புரொஃபண்டஸ் பக்கத்துல இருக்கிறதால அதுக்குத்தான் முதல்ல உயிர் வரும், உள்ளங்கை சின்ன மசிலுக்கு இன்னும் வந்திருக்காது. பேஷன்ட் பயந்து ஓடி வருவாரு, உண்மைல அது நல்ல சேதி.

கைக்க இன்னொரு நர்வ் ரேடியல இதே மாதிரி போட்டுப் பாரு. அக்குள்ல அமுங்குனா, கக்கத்துல வைக்கிற ஊன்றுகோல் வர்ற கேஸ், முழங்கைய நீட்டுற டிரைசெப்ஸ்ல இருந்தே போவும். மேல்கை எலும்பு நடுவுல ஒடிஞ்சு அந்த எலும்புல உள்ள ஸ்பைரல் குரூவ் பள்ளத்துல மாட்டுனா டிரைசெப்ஸ் பெரும்பாலும் தப்பிக்கும், மணிக்கட்டு தொங்கும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பின்பக்கம் மரத்துப் போவும். முழங்கைக்குக் கீழ ரேடியலுக்க கிளை போஸ்டீரியர் இன்டராசியஸ் மட்டும் போனா மணிக்கட்டு தூக்கும், ஆனா கட்டைவிரல் பக்கமா சாஞ்சு தூக்கும், விரல் நக்கிள்ல நீளாது, மரத்துப்போறதும் இருக்காது. எது வேலை செய்யலன்னு பாக்கிறதோட எது இன்னும் வேலை செய்யுதுன்னும் பாரு, இடம் தானா தெரியும்.

பிசியோ_அக்கா:

நைட்_டூட்டி சொன்னது கொள்ளாம். நான் மார்த்தாண்டத்துல பிசியோ, எனக்கு டெய்லி வர்றத வச்சு சொல்றேன், படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆவும்.

அல்நாருக்கு ஒரு பேப்பர் போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைல பேப்பர வச்சு இழுத்தா, கட்டைவிரல உள்ள நெருக்குற அடக்டார் பொல்லிசிஸ் செத்திருந்தா ஆளு கட்டைவிரல் நுனிய மடக்கி நெருக்குவாரு. ஃபுரோமென்ட் சைன்னு பேரு. அவரு திருட்டுத்தனம் பண்றதா நெனைக்காதீங்க, மீடியன் நர்வ் வந்து உதவி பண்ணுது.

இங்க ரப்பர் பால் வெட்டப் போறவங்க நிறைய பேரு கை மரத்துப் போகுதுன்னு வருவாங்க, விடியக்காலம் இருட்டுலயே எந்திச்சு ஒரே மணிக்கட்டு அசைவு, ராத்திரி தூக்கத்துல குத்தல் எடுத்து கைய உதறிட்டு எந்திரிப்பாங்க. உதறுனா சுகம்னு சொன்னாலே பாதி கார்ப்பல் டனல் (மணிக்கட்டுல உள்ள இடுக்கு வழி) கேஸ்தான். அந்த டனல்ல ஒம்பது தசைநார் போவுது, சூப்பர்ஃபிசியாலிஸ் நாலு, புரொஃபண்டஸ் நாலு, பொல்லிசிஸ் லாங்கஸ் ஒண்ணு, அதுக்கு நடுவுல மீடியன் நர்வ், எதாவது வீங்குனா அமுங்குறது அதுதான். வைவால கேப்பாங்க, கட்டைவிரல் அடி மேட்டுத் தோல்ல உணர்ச்சி ஏன் போகலன்னு. அந்தத் தோலுக்கு உள்ள கிளை டனலுக்கு முன்னாலயே பிரிஞ்சு மேல வழியா போயிருது. அங்கயும் மரத்திருந்தா பிளாக் டனல்ல இல்ல, இன்னும் மேல தேடணும்.

கால் கேசும் சொல்லிர்றேன், கேட்டதில்லன்னாலும். அண்டியாப்பீஸ்ல (முந்திரிக்கொட்டை ஆலை) குத்தவச்சு உக்காந்து வேலை பாக்கிற ஒரு அம்மா, ஒருநாள் எந்திரிச்சா பாதம் தூக்க முடியல, நடந்தா செருப்பு தரைல இழுக்குது. முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஃபிபுலா கழுத்த சுத்தி வர்ற காமன் பெரோனியல் நர்வ் தோலுக்கு அடியிலயே கிடக்கு, ரொம்ப நேரம் குத்தவச்சா, சம்மணம் போட்டா, மாவுக்கட்டு அங்க இறுக்கிட்டா அமுங்கிரும். ஆனா ஃபுட் டிராப்னு பாத்த உடனே அங்கயே நிக்கக்கூடாது, இடுப்பு டிஸ்க், முதுகுத்தண்டுல இருந்து வர்ற எல்5 நரம்பு வேர அமுக்குனாலும் பாதம் தொங்கும். வித்தியாசம் எப்படின்னா, பாதத்த உள்பக்கமா திருப்பச் சொல்லுங்க. அது டிபியாலிஸ் போஸ்டீரியர், எல்5தான் ஆனா டிபியல் நர்வ் வழியா வருது. உள்ள திருப்ப பலம் இருந்தா பெரோனியல் பக்கம், அதுவும் போயிருந்தா முதுக நெனைக்கணும். இடுப்ப வெளிய விரிக்கிற பலத்தையும் பாருங்க, அதுவும் எல்5 கேசுல குறையும். அந்த அம்மாவுக்கு உள்ள திருப்ப நல்ல பலம், ஸ்பிளின்ட் போட்டு குத்தவைக்கிறத நிறுத்தி மாசக்கணக்குல சரியாச்சு.

அக்கானி தம்பி, உங்க மாமா கேஸ்ல எனக்கு ஒரு உறுத்தல். எல்லா விரலும் சுருண்டு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அல்நார்னா நாலும் சுருளாதே?

ஆசான்_பேரன்:

எல்லாரும் டாக்டர்மாரா இருக்கீங்க, நானும் ஒரு வார்த்தை சொல்லணும். எங்க பாட்டா வர்ம ஆசான், நூத்தியெட்டு வர்மம், அதுல படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஏட்டுல பாத்து படிச்சவரு இல்ல கைல பாத்து படிச்சவரு. நரம்பு எங்க ஓடுதுன்னு தோலுக்கு மேல விரல வச்சே காட்டுவாரு, இந்த மாமாவுக்கு நீங்க சொல்ற இடத்த எல்லாம் அவரும் தொட்டிருப்பாரு. எண்ணெய் போட்டதால கை கெட்டுப்போச்சுங்கிற மாதிரி யாராவது எழுதுவாங்கன்னு எதிர்பாத்துட்டு இருக்கேன், அதான் முன்னாடியே வந்துட்டேன்.

தக்கலை_ஆர்த்தோ:

ஆசான்_பேரன், அப்படி யாரும் எழுத மாட்டாங்க, நானும் எழுத மாட்டேன். எண்ணெய் தடவுனதால வேர் அறாது. மசில் இறுகாம ஜாயின்ட் மடங்கி நீள்றதுக்கு கை வேலை நல்லதுதான், பிசியோ_அக்கா செய்யிறதும் பாதி அதுதான். எனக்கு பயம் ரெண்டு விசயத்துல. ஒண்ணு நேரம் போறது, அத மாமா கேஸ்ல சொல்றேன். இன்னொண்ணு இறுக்கிக் கட்டுறது, அத இங்கயே சொல்லிர்றேன், ஸ்டூடன்ட்ஸ் வாசிக்கிறதால.

சின்ன பிள்ள மரத்துல இருந்தோ மதில்ல இருந்தோ விழுந்து முழங்கைக்கு மேல ஒடிஞ்சு வரும், சுப்ராகாண்டிலார். யார் கட்டுனாலும் சரி, மூங்கில் தப்பையோ ஆஸ்பத்திரி மாவுக்கட்டோ, உள்ள வீக்கம் ஏறும்போது கட்டு இளகலன்னா முன்கைல ரத்தம் ஓடாது. ஜெர்மன் சர்ஜன் வோல்க்மன் 1881லயே எழுதி வச்ச சங்கதி, இன்னும் வருது. முதல் அடையாளம் வலி, ஒடிவுக்கு உள்ள வலிய விட ரொம்ப கூட, மருந்து குடுத்தும் அடங்காது, மடங்கிக் கிடக்கிற விரல நீங்க மெல்ல நீட்டுனா பிள்ள அலறும். நாடி இருக்குன்னு சமாதானம் ஆகாதீங்க, நாடி கடைசி வரைக்கும் இருக்கலாம். விரல் வெளுத்து நாடி நின்னு மரத்த பிறகு கண்டுபிடிச்சா கண்டுபிடிக்காததுக்கு சமம். கட்டு எல்லாத்தையும் தோல் வரைக்கும் வெட்டிப் பிரிக்கணும், அடங்கலன்னா தியேட்டர். கொஞ்ச மணிநேரத்துல மசில் சாகத் தொடங்கும், ஆறு மணிநேரம் தாண்டிட்டா பிறகு வர்ற கைய ஆயுசுக்கும் முழுசா திருப்ப முடியாது. செத்த மசில் சுருங்கி, மணிக்கட்ட மடக்குனா மட்டும் விரல் நீளும், மணிக்கட்ட நிமித்துனா விரல் மடங்கிரும். அதுவும் கிளா மாதிரிதான் தெரியும் வைவால, ஆனா நர்வ் கேஸ் இல்ல. மணிக்கட்ட மடக்கிப் பாத்தா பிரிச்சுரலாம்.

அக்கானி_பையன், பிசியோ_அக்கா கேட்டதுதான் எனக்கும். கைய மேல தூக்கிப் பிடிச்சு உடம்பு பாரம் முழுக்க தொங்குன கதைய கேட்ட உடனே எனக்கு அல்நார் ஞாபகம் வரல. நாளைக்கு போய் மூணு விசயம் பாரு.

முன்கைக்க உள்பக்கம், சுண்டுவிரல் பக்கத்து ஓரமா முழங்கை வரைக்கும், பஞ்சு வச்சுத் தொட்டா தெரியுதா. அல்நார் கேஸ்ல மரத்துப் போறது கைல சுண்டுவிரலும் மோதிர விரல் பாதியும்தான், மணிக்கட்டோட நிக்கும், முன்கைத் தோலுக்கு கழுத்து நரம்புக் கூட்டத்துக்க மீடியல் கார்டுல இருந்து வேற நர்வ் வருது.

கைய மேசை மேல மல்லாத்தி வச்சு கட்டைவிரல சீலிங்க பாத்து தூக்கச் சொல்லு. அது அப்டக்டார் பொல்லிசிஸ் பிரெவிஸ், மீடியன் நர்வ், ஆனா முதுகுத்தண்டுல இருந்து வர்ற வேர் டி1. அல்நார் மட்டும்னா அது நல்லாத் தூக்கணும்.

கடைசியா வெளிச்சம் கொறஞ்ச ரூம்ல அவர உக்காரவச்சு மூஞ்சிய பாரு. ரெண்டு கண்ணையும். நான் என்ன தேடுதேன்னு சொல்ல மாட்டேன், சொன்னா அது இருக்கிற மாதிரியே தோணும்.

அக்கானி_பையன்:

அண்ணா போய்ப் பாத்தேன். முன்கை உள்பக்கம் பஞ்சு தெரியவே இல்லன்னாரு, முழங்கை வரைக்கும். கட்டைவிரல் மேல வரல, பக்கவாட்டுல இழுக்குது அவ்வளவுதான். நாலு விரலும் சுருண்டிருக்கு, நான் மோதிர விரலயும் சுண்டு விரலயும் மட்டும் கவனிச்சிட்டு கிளாம்பிட்டேன்.

கண்ணு விசயம் கேட்டியளா. வலது கண்ணுல இமை கொஞ்சம் இறங்கி இருக்கு, முழுசா மூடல, ஒரு பக்கம் தூக்கக் கலக்கம் மாதிரி. லைட் அணைச்ச பிறகு பாத்தா இடது கண்மணி பெருசாச்சு, வலது சின்னதாவே நிக்குது. மாமி சொல்லுது விழுந்த அன்னைல இருந்தே அப்படித்தானாம், வலில ராத்திரி தூக்கம் இல்ல அதான் கண்ணு சொருகுதுன்னு இருந்துட்டாங்களாம். கைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேக்கல, புக்க தொறந்தேன், ஹார்னர் சிண்ட்ரோம்னு இருக்கு. எனக்கு கை நடுங்குது.

தக்கலை_ஆர்த்தோ:

நடுங்காத, ஆனா சாவகாசமும் வேண்டாம். இது பிரேக்கியல் பிளெக்ஸஸ், கழுத்துல இருந்து கைக்கு வர்ற நரம்புக் கூட்டம், அதுக்க கீழ்ப்பகுதி, சி8 டி1 வேர், கிளம்ப்கேன்னு அத எழுதினவங்க பேரு. கை மேல போய் தோள விட்டு பிரிஞ்சு இழுபட்டா கீழ் வேர் இழுபடும், மரத்துல இருந்து விழும்போது கிளையப் பிடிக்கிறது உலகம் பூரா உள்ள புக்குல உதாரணம், நம்ம ஊர்ல அது பனை மட்டை. இதுக்கு நேர் எதிர் பைக்ல இருந்து தோள் அடிபட்டு விழுறது, கழுத்தும் தோளும் விலகி மேல் வேர் சி5 சி6 போவும், அது எர்ப். கை உடம்போட ஒட்டி உள்பக்கம் திரும்பி முழங்கை நீண்டு தொங்கும். ஹெல்மெட் தலைய காப்பாத்தும், பிளெக்ஸஸ காப்பாத்தாது, அந்தக் கேஸ் எங்களுக்கு பனையேறிய விட எத்தனையோ மடங்கு வருது.

கிளம்ப்கே பத்தி ஒண்ணு, அவங்க பொம்பள, அமெரிக்கால பிறந்து பாரிஸ்ல மெடிசின் படிச்சிட்டு இருந்த காலத்துல 1885ல இத எழுதினாங்க. உன்ன மாதிரி ஸ்டூடன்ட்தான். கையயும் கண்ணயும் சேர்த்துப் பாத்ததுதான் அதுல விசேஷம்.

கண்ணுக்கு சம்பந்தம் என்னன்னா, தலைக்குப் போற சிம்பதெடிக் நார் (தானா இயங்குற நரம்பு) டி1 வேர் வழியாத்தான் ஸ்பைனல் கார்ட (தண்டுவடம்) விட்டு வெளிய வந்து கழுத்துல மேல ஏறுது. டி1 வேர் கார்ட ஒட்டியே பிய்ஞ்சா அந்த நாரும் போவும், இமை லேசா இறங்கும், கண்மணி சுருங்கும், அந்தப் பக்க மூஞ்சி வேர்க்காது. வேர் வெளிய போன பிறகு, கைப் பக்கமா கிழிஞ்சிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும். அதனால ஹார்னர் இருக்குன்னா வேர் கார்டுல இருந்து பிடுங்கப்பட்டிருக்கணும்ங்கிற சந்தேகம் ரொம்ப பலம்.

செடன்ங்கிற டாக்டர் 1943ல நர்வ் காயத்த மூணா பிரிச்சாரு. நியூரோபிராக்சியா, உள்ள நார் அறல, கரண்ட் மட்டும் நிக்குது, வாரக்கணக்குல திரும்பும். ஆக்ஸனாட்மெசிஸ், நார் அறுந்துச்சு உறை இருக்கு, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், அதாவது மாசத்துக்கு ஒரு இஞ்சுன்னு கணக்குப் போட்டு வளரும். நியூரோட்மெசிஸ், முழுசா அறுந்தது, தைக்காம வராது. வேர் பிடுங்குனது இந்த மூணயும் தாண்டி மோசம், தைக்கிறதுக்கு கார்ட் பக்கம் முனையே இல்ல.

இப்ப நேரம் பத்தி சொன்னேன்லா. நர்வ் போன மசில் ஒரு வருசம் ஒன்றரை வருசத்துக்கு மேல காத்திருக்காது, பிறகு நர்வே வந்தாலும் ஏத்துக்காது. பிளெக்ஸஸ் ஆபரேஷன் செய்யணும்னா பொதுவா மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள. தடவிட்டே ஆறு மாசம் இருந்தா அந்தக் கதவு அடைபடும், எண்ணெய் மேல எனக்கு உள்ள வருத்தம் அவ்வளவுதான் ஆசான்_பேரன். உண்மையச் சொன்னா கீழ் வேருக்கு நர்வ் ஆபரேஷன் செஞ்சாலும் கழுத்துல இருந்து உள்ளங்கை வரைக்கும் தூரம் ரொம்ப, விரலுக்க சின்ன மசில் திரும்ப வர்றது பெரியவங்களுக்கு அரிது. ஆனா அவருக்கு தோளும் முழங்கையும் நல்லா இருக்கு. பலமா இருக்கிற மசிலுக்க தசைநார எடுத்து விரலுக்கு மாத்தி வச்சு பிடிக்கிற கை ஆக்கலாம். வேலூர் சிஎம்சில பால் பிராண்ட் தொழுநோய்ல கிளா ஆன கைகளுக்கு தசைநார் மாத்தி வச்சது உலகமே பாத்து படிச்ச வேலை, அந்த வழி இன்னும் இருக்கு. பனை ஏற முடியும்னு வாக்கு குடுக்காத. சாப்பிட, சட்டை போட, பிடிக்கன்னு சொல்லு.

இந்த வாரமே பிளெக்ஸஸ் பாக்கிற இடத்துக்கு அனுப்பு. ஆர்த்தோவோ பிளாஸ்டிக் சர்ஜரியோ, மெடிக்கல் காலேஜ் ஓபிக்குப் போனா அங்க இருந்து வழி காட்டுவாங்க.

ஆசான்_பேரன்:

பாட்டாட்ட வாசிச்சுக் காட்டுனேன். கண்ணு இறங்கினத மொதல்லயே கேட்டிருக்கணும்னாரு. இனி கை தொங்கி வர்றவங்க கண்ணயும் பாக்கச் சொல்லி எங்க சித்தப்பாட்ட சொல்லியிருக்காரு, சித்தப்பாதான் இப்ப கட்டுறது. தம்பி, அந்த மாமாவ தடவுற ஆசான் எங்க வீட்டு ஆளு இல்ல, ஆனாலும் ஆஸ்பத்திரி போறதுக்கு அவரு தடை சொன்னா எங்க பாட்டா ஃபோன்ல பேசுவாரு.

பிசியோ_அக்கா:

மாமா அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் தம்பி. நக்கிள் ஜாயின்ட் நேரா நிமிந்து பின்னால போயிட்டே இருந்தா அப்படியே இறுகிரும், பிறகு தசைநார் மாத்துனாலும் பிரயோஜனம் இல்ல, ஜாயின்ட் மடங்கினாத்தான ஆபரேஷன் பலிக்கும். நக்கிள மடக்கி வைக்கிற ஸ்பிளின்ட் ஒண்ணு, இடது கையால வலது கை விரல டெய்லி நாலஞ்சு நேரம் மடக்கி நீட்டுறது. அப்புறம் மரத்த பக்கம் சூடு தெரியாது, அடுப்பு கிட்ட, அக்கானி காய்ச்சுற இடத்துல ஜாக்கிரத. கருப்பட்டி காய்ச்சுற வீட்டுல பொள்ளிட்டு வந்தவங்கள நான் பாத்திருக்கேன், பொள்ளின பிறகுதான் அவங்களுக்கே தெரியும்.

அக்கானி_பையன்:

போயாச்சு அண்ணா. மாமி முதல்ல வரமாட்டேன்னுச்சு, பிறகு கண்ணு கதைய சொன்ன உடனே கிளம்பிட்டாவ. எம்ஆர்ஐக்கு எழுதியிருக்கு, நர்வ் கண்டக்ஷன் (நரம்புல சிக்னல் ஓடுதான்னு பாக்கிற டெஸ்ட்) அன்னைக்கே எடுத்தாவ. அதுல ஒரு குழப்பம். சுண்டுவிரலும் முன்கை உள்பக்கமும் அவருக்கு ஒண்ணுமே தெரியல, ஆனா ரிப்போர்ட்ல சென்சரி (உணர்ச்சி) நார்மல்னு இருக்கு, மோட்டார் (அசைவு) மட்டும் மோசம். மாமி பாதிய வாசிச்சுட்டு "நார்மல்னு போட்டிருக்கு"ன்னு சந்தோசப்படுது. மிஷின்ல எதாவது தப்பா?

தக்கலை_ஆர்த்தோ:

மிஷின் சரி, அந்த நார்மல்தான் கெட்ட சேதி. சென்சரி நர்வுக்க செல் எங்க இருக்கு? கார்டுக்குள்ள இல்ல, வெளிய வேர்ல உள்ள டார்சல் ரூட் கேங்லியன்ங்கிற முடிச்சுல. மோட்டார் செல் கார்டுக்குள்ள. இப்ப வேர் கார்டுக்கும் கேங்லியனுக்கும் நடுவுல பிய்ஞ்சா, மோட்டார் நார் தன் செல்ல விட்டுப் பிரிஞ்சு சாகும். சென்சரி நாருக்க செல் கேங்லியன்ல உயிரோட இருக்கு, கை வரைக்கும் உள்ள நாரும் உயிரோட இருக்கு, மிஷின் விரல்ல ஷாக் குடுத்து மணிக்கட்டுல எடுத்தா அழகா சிக்னல் வரும். ஆனா அந்த சிக்னல் கார்டுக்குள்ள போக வழி அறுந்து கிடக்கு, அதனால மூளைக்குத் தெரியாது, மாமாவுக்கு மரத்துப் போனது போலவே இருக்கும். தோல் மரத்திருக்கு, சென்சரி ரிப்போர்ட் நார்மல், அந்த ரெண்டும் சேர்ந்து வந்தா கேங்லியனுக்கு உள்பக்கம் பிய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். கேங்லியனுக்கு வெளிய கிழிஞ்சிருந்தா சென்சரியும் செத்திருக்கும், பாக்க மோசமா இருக்கும், ஆனா தைக்க முனை இருக்கும்.

சம்பவம் நடந்து மூணு வாரம் தாண்டிட்டதால இந்த ரிப்போர்ட்ட நம்பலாம், அதுக்கு முன்னாடி எடுத்திருந்தா அறுந்த நாரே இன்னும் கொஞ்சம் சிக்னல் காட்டும், முடிவெடுக்க முடியாது. ஈஎம்ஜில (மசில்ல ஊசி வச்சு சிக்னல் பாக்கிற டெஸ்ட்) கழுத்துக்குப் பின்னால முதுகுத்தண்ட ஒட்டின மசில்லயும் ஊசி வச்சுப் பாத்தாங்களான்னு கேளு, அந்த மசிலுக்கு கிளை வேர் வெளிய வந்த உடனே போயிருது, அதுலயும் மாற்றம் இருந்தா இன்னும் உறுதி.

மாமிட்ட நீ சொல்லாத, அது உன் வேலை இல்ல. எம்ஆர்ஐ வந்த பிறகு யூனிட் சீஃப்ட்ட உக்காந்து கேக்கச் சொல்லு, கூட நீ போ, மலையாளத்துல சொன்னத தமிழ்ல எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்லா. அப்புறம் வைவால சார் கைய மடக்கி "எவிடெயா"ன்னு கேட்டா, நேரா முன்கை உள்பக்கத் தோல கேளு, கட்டைவிரல கேளு, கண்ணையும் பாக்கட்டுமான்னு கேளு.

நைட்_டூட்டி:

கண்ண கேட்டா எங்க சாரா இருந்தா பாஸ் போட்டு அனுப்பிருவாரு. தம்பி, லோவர் லிம்ப் வரும்போது வேற திரெட் போடு, ஊசி போட்டு சயாடிக் போன கேஸ் ஒண்ணு என் வார்டுல இருக்கு, குண்டில ஏன் மேல் வெளிப்பக்க கால்வாசி இடத்துலயே ஊசி போடணும்னு அதுல வச்சு எழுதுதேன்.